கேட்டவளுக்கு வார்த்த பால்

வேலாங்குன்றத்து அடிவாரத்தில் நிற்கும் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தார் சண்முகவடிவு. ஸ்ட்ரெச்சரில் படியும் இரத்தத்தையும் வாந்தியையும் கழுவுவதும் அவர் வேலைதான். முகம் சுளிக்காமல் கழுவி, ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்த்து, நெற்றியில் திருநீறிட்டு, மலைமேல் தெரியும் முருகன் கோபுரத்தை நோக்கிச் 'சரவணபவ' என்று ஓதிய பிறகே காலைக் காப்பியைத் தொடுவார். அவருடைய கணவர் நடுத்தெருவில் மயங்கி விழுந்து இறந்தபோது, சூழ்ந்து நின்றவர்களில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகே மருத்துவ உதவியாளர் படிப்பைப் படித்தார்.

சேர்ந்த சில நாட்களிலேயே, மார்புவலியோடு ஏற்றிய விவசாயி ஒருவர் வழியில் உயிர்விட்டார். ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்த சண்முகவடிவுக்குக் கைகள் மரத்துப் போயின. அன்று மாலை குளித்துவிட்டுக் கோயில் மண்டபத்துப் பஜனைக்குப் போனார். பாட உட்கார வந்தவரை, குழுவை நடத்தும் பகவதியம்மை கையமர்த்தினார்.

"செத்த உடம்பத் தொட்டுட்டு வாரே. கோவிச்சுக்கிடாத, இனிமே வெளிய நின்னே கேட்டுக்க."

முருகன் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் அந்த மனுஷனை அனுப்பி வைத்தாளாம் என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். சண்முகவடிவு வெளியே தூணருகே நின்று கடைசிப் பாட்டு வரை உடன் பாடினார். வீட்டுக்குப் போய்த்தான் அழுதார். விடிந்ததும் வழக்கம்போல ஸ்ட்ரெச்சரைக் கழுவப் போனார்.

பங்குனி உத்திரம் வந்தது. பால்குடம் எடுப்பதாக நேர்ந்து விரதமிருந்தவர், பணி முடிந்ததும் மஞ்சள் சேலை உடுத்திக் குடத்தைத் தூக்கினார். அப்போது ஓட்டுநர் சவரிமுத்து ஓடி வந்தார். மலையின் பின்பக்கப் பாதையில், பாசிமணி விற்க வந்த குறத்தி ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. அடுத்து வரவேண்டிய உதவியாளரோ திருவிழாக் கூட்டத்தில் சிக்கி இன்னும் வந்து சேரவில்லை.

"நீங்க மேல போகணும்னா போங்கக்கா. கேக்கத்தான் வந்தேன்."

சண்முகவடிவு மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். குடத்தோடே வண்டியில் ஏறிவிட்டார்.

அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், நெரிசலில் வண்டி நகரவில்லை. பிள்ளை வண்டிக்குள்ளேயே பிறந்தது. நீலம் பாரித்திருந்தது, அழவில்லை. துடைத்து முதுகைத் தேய்த்தும் அசைவில்லை. பிஞ்சு முகத்தில் சிறிய மாஸ்கைப் பொருத்திக் காற்றுப்பையை மெல்ல அமுக்கினார். ஓர் அமுக்கலுக்கு ஓரெழுத்தாக, ச, ர, வ, ண, ப, வ என்று அவர் உதடுகள் அசைந்தன. அந்த விவசாயியின் முகம் கண்முன் வந்து போனது. கை நிற்கவில்லை. குழந்தையின் மார்பு ஏறி இறங்கியது, நீலம் மெல்லச் சிவந்தது, பிறகு பிள்ளை வீறிட்டழுதது.

"தாகமா இருக்குக்கா," என்றாள் தாய். வண்டியிலிருந்த தண்ணீர் தீர்ந்து போயிருந்தது. சண்முகவடிவு குடத்தை மூடியிருந்த துணியை அவிழ்த்தார். சாமிக்கு நேர்ந்ததாயிற்றே என்று சவரிமுத்து தயங்கினார்.

"இவ வாய்விட்டுக் கேட்டுட்டா தம்பி," என்று சொல்லி, அவள் தலையைத் தாங்கிப் பாலைப் பருக வைத்தார்.

தாயையும் சேயையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து அவர் ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பகவதியம்மை மலையிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தார். கையில் மாலை இருந்தது. அபிஷேகத்துக்குத் திரை விலக்கியபோது, ஒரு குடம்கூட இன்னும் உள்ளே போகாத நிலையில், முருகனருகே நிற்கும் வள்ளியம்மையின் உதட்டிலிருந்து மார்பு வரை பால் வழிந்துகொண்டிருந்ததாம். அது யார் குடத்துப் பால் என்று குருக்கள் கேட்க, ஒருவருக்கும் தெரியவில்லை. பின்பக்கப் பாதையில் ஏறி வந்தவர்கள், அடிவார நெரிசலில் நின்ற ஆம்புலன்ஸுக்குள் சண்முகவடிவு குடத்துப் பாலைப் புகட்டியதைக் கண்டதாகச் சொன்னார்கள். குருக்கள் கண்கலங்கி, வள்ளியின் தோள்மாலையையே கழற்றிக் கொடுத்தனுப்பினார்.

"கை அழுக்கா இருக்கு, கழுவிட்டு வாரேன்," என்றார் சண்முகவடிவு.

"கழுவாண்டாம் தாயி," என்று பகவதியம்மை அவர் கழுத்தில் மாலையைச் சூட்டி, அந்த ஈரக் கைகளை எடுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

ஊர் தள்ளி நிறுத்தியவரிடம் தாகம் என்று குறமகள் வள்ளி தானே கேட்டு வாங்கிக் குடித்தாள். அப்படிக் கொடுத்த சண்முகவடிவின் திருவடி நம் தலைமேலது.