குரு நாத்தோ சாப்பிடாத வாரம்

"மகன் மேல இருக்கிற பற்று மட்டும் போக மாட்டேங்குது, தாயே. என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் கோசென்.

சீடருக்கு அறுபத்திரண்டு வயது. குரு மியோகன் அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஜப்பானில் ஒரு மலையடிவாரத்து ஜென் மடம் அது.

"இப்ப என்ன திடீர்னு?"

"இசாமு இந்த வருஷம் அரிசி மது காய்ச்சுற ஆலைக்குத் தலைமை ஏத்திருக்கான். ஒரு தடவை வந்து பாருங்கப்பான்னு எழுதியிருந்தான். வர முடியாதுன்னு பதில் போட்டுட்டேன்."

"ஏன்?"

"நாத்தோ செய்யுறவனை யாரு உள்ள விடுவா?"

அதுவும் நியாயம்தான். மடத்துக் களஞ்சியம் கோசென் பொறுப்பு. சோயாவை வேகவைத்து, வைக்கோலில் கட்டி, கம்பளிக்குள் கதகதப்பாக வைப்பார். இரண்டு நாளில் நூல்நூலாக இழுக்கும், வாடை வாசல்வரை வரும். அதுதான் நாத்தோ. கோயில் களஞ்சியத்தில் பிறந்த பயறு என்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

அதன் கிருமி ஒட்டினால் மது கெட்டுவிடும். அதனால் குளிர்காலத்தில் நாத்தோவைத் தொட்டவரை ஆலை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

"அது மட்டும்தானா?" என்றார் குரு.

கோசென் தலைகுனிந்தார். "கடிதத்தைப் பார்த்ததும் மனசு துள்ளுச்சு. பயந்துட்டேன். பதினோரு வருஷம் தியானத்துல உட்கார்ந்து என்ன புண்ணியம்?"

"எனக்கும் ஒரு பற்று இருக்கு. உங்களுக்குத் தெரியும்."

தெரியாமல் என்ன? நாத்தோ இல்லாவிட்டால் குருவுக்குச் சோறே இறங்காது.

"நான் அதை விட்டுப் பார்க்கிறேன். இன்னையிலேர்ந்து மடத்துல நாத்தோ கிடையாது. வைக்கோலை எரிச்சுடுங்க. களஞ்சியத்தைக் கழுவுங்க. கம்பளி, உடுப்பு எல்லாத்தையும் வெந்நீர்ல போடுங்க."

கோசென் மூன்று நாள் கழுவினார். குரு முள்ளங்கி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சோற்றை மென்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

எட்டாம் நாள் காலை கோசென் கேட்டார். "பற்று போயிடுச்சா, தாயே?"

"எங்க போச்சு? நேத்து கனவுலகூட அதான் வந்துச்சு."

கோசெனின் முகம் வாடிவிட்டது. "உங்களுக்கே இந்தக் கதின்னா, நான் எந்த மூலைக்கு?"

"கையைக் காட்டுங்க."

நீட்டினார். குரு குனிந்து முகர்ந்து பார்த்தார். ஒரு கை, பிறகு மறு கை.

"வாடையே இல்லை. ஆலை எவ்வளவு தூரம்?"

"அரை நாள் நடை."

"கிளம்புங்க. நாலு நாள் மகனோட இருந்துட்டு வாங்க."

கோசெனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு நாளா, தாயே?"

"அதுக்கு மேல என்னால தாங்க முடியாது" என்றார் குரு.