இருளாயி கீழே வைத்த அரிவாள்

அந்தக் காலத்தில் மாட்டுக்கும் மந்திக்கும் மனுஷனுக்கும் ஒரே பேச்சுதான். யானை திட்டினால் மனுஷனுக்குப் புரியும், மனுஷன் பொய் சொன்னால் குரங்குக்குப் புரிந்துவிடும். அப்போது ஒரு மலையடிவாரத்தில் இருளாயி என்றொருத்தி இருந்தாள். கறுப்புக் கல்லைக் கரியோடு போட்டு உருக்கி, தட்டித் தட்டி முதல் அரிவாளைச் செய்தவள் அவள்தான்.

அதுவரை தினைக் கதிரை நகத்தால்தான் கிள்ளினார்கள். பாதி கிள்ளுவதற்குள் மழை வந்து மீதியை அழுக வைத்துவிடும். முந்தின வருஷம் அப்படிப் பட்டினி கிடந்துதான் இருளாயியின் ஆத்தா செத்துப்போனாள். இனி ஒரு கதிரையும் மழைக்குக் கொடுப்பதில்லை என்ற பிடிவாதத்தில்தான் மகள் உலை ஊதினாள்.

அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கிழக்கே மேகம் கறுத்தது.

"அக்கா, உன் கை ஓய்ந்துபோயிற்று. கொடு, நான் அறுக்கிறேன்" என்று தம்பி சடையன் கையை நீட்டினான். இவளும் அரிவாளை நீட்டினாள். இவள் கண் மேகத்தில், அவன் கண் கதிரில். அவன் பிடித்துவிட்டான் என்று இவள் விட்டாள். அவன் பிடித்ததோ கூர்ப்பக்கத்தை. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

பச்சிலை வைத்துக் கட்டிய கையோடு சண்டை மூண்டது.

"நான் பிடிக்குமுன் ஏன் விட்டாய்?"

"நீ பார்க்காமல் ஏன் பிடித்தாய்?"

ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போட்ட சண்டையில் காடே கூடிவிட்டது.

யானைத் தலைவி முன்னால் வந்தாள். "இன்றைக்கு உன் தம்பி விரல், நாளைக்கு என் துதிக்கை. பொழுது சாய்வதற்குள் அந்த அரிவாளை ஆற்று மடுவில் எறி. எறியாவிட்டால் உன் தினையை மிதித்துவிட்டுத்தான் போவோம்."

"எறிந்துவிடு அக்கா" என்று சடையனும் அழுதான்.

இருளாயி மடுவின் கரைக்குப் போய்க் கையை ஓங்கிவிட்டாள். ஆத்தாவின் ஒட்டிய வயிறு கண்முன் வந்தது, தம்பியின் கையும் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து அழுதாள். அழுது முடித்ததும் ஒன்று விளங்கியது. கை மாறிய அந்த நேரத்தில் அரிவாளை இவளும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. மேய்க்க ஆளில்லாத மாடு பயிரில் இறங்கினால் மாட்டை மட்டும் திட்டி என்ன செய்ய?

திரும்பி வந்தாள். அத்தனை பேர் முன்னாலும் அரிவாளைத் தரையில் வைத்தாள்.

"எடுடா தம்பி."

"கையில் கொடேன்."

"கொடுக்க மாட்டேன். குனி. பிடி எது, கூர் எது என்று பார். எடுக்கலாம் என்று உனக்குத் தோன்றினால் எடு."

சடையன் குனிந்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு இடது கையால் பிடியைப் பற்றி எடுத்து, ஒரு கதிரை அறுத்தான்.

மரத்தில் இருந்த குரங்கு சிரித்தது. "இவர்கள் சும்மா இருக்கிற ஜாதியா? இது வருஷத்துக்கு வருஷம் பெரிதாகும், பாருங்கள்."

"ஆகட்டும்" என்றாள் இருளாயி. "பெரிதாகப் பெரிதாக இன்னும் நன்றாகக் குனிந்து பார்த்து எடுப்போம்."

"மறந்துபோனால்?" என்று யானை கேட்டாள்.

"மறக்கத்தான் பார்ப்போம். அதனால் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதே இதையும் சொல்லி வளர்ப்பேன். அப்படியும் மறந்தால் வந்து மிதி."

யானை திரும்பினாள். தினையில் கால் படாமல் வரப்போரமாகவே நடந்து காட்டுக்குள் போனாள். மற்றவையும் பின்னாலேயே போயின. கூர் ஏந்திய ஜாதியோடு இனி ஒட்டு வேண்டாம் என்று, அதோடு நம்மிடம் பேச்சையும் நிறுத்திக்கொண்டன. மழை வருவதற்குள் அக்காளும் தம்பியும் தரையில் வைத்து, தரையிலிருந்து எடுத்து, மாற்றி மாற்றிக் கடைசிக் கதிர்வரை அறுத்துவிட்டார்கள்.

அன்று முதல்தான் நம் வீடுகளில் அரிவாளையோ கத்தியையோ யாரும் கையில் கொடுப்பதில்லை. "சண்டை வரும், கீழே வை, எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, ஒவ்வொருவரும் குனிந்து தாமே பார்த்து எடுக்கிறோம்.