சேர்மனின் பல்செட்

ஐந்து ஊர்க் குப்பையும் வந்து சேரும் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை பேச்சியம்மாளுக்கு. ஒரு நாள் காலை நகராட்சி சேர்மன் தனுஷ்கோடி, நாலு அதிகாரிகளோடு வாயைப் பொத்திக்கொண்டு வந்து இறங்கினார். காகிதத்தில் சுற்றி வைத்திருந்த அவருடைய பல்செட் குப்பையோடு போய்விட்டதாம். பதினோரு மணிக்கு விழாவில் பேச வேண்டும்.

"ஒரு மணி நேரத்துல எடுத்துக் கொடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

பேச்சியம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிரித்துக் கொடுத்த வீடுகளின் மக்காத குப்பை இடுப்பளவு கிடந்தது. பிரிக்காமல் வந்தது மலையாக நின்றது.

"எடுத்துடலாம்யா. உங்க வீட்டுல பிரிச்சுத்தான் கொடுக்கறோம்னு போன மாசம் மேடையில சொன்னீங்களே. பல்செட்டு மக்காது. அப்ப இந்தச் சின்னக் குவியல்லதானே இருக்கணும்?"

அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா, அதுலதான்," என்றார் சேர்மன்.

கால் மணி நேரம் கிளறிவிட்டு நிமிர்ந்தாள். "இதுல இல்லைங்கய்யா. பல்லு தானா நடந்து போயிருக்குமோ?"

சேர்மன் மணியைப் பார்த்தார். மெல்ல மலைப் பக்கம் கைகாட்டினார்.

எந்தத் தெரு வண்டி எங்கே கொட்டும் என்பது பேச்சியம்மாளுக்கு அத்துப்படி. சாம்பார் சாதத்துக்குள்ளிருந்து பல்செட்டை எடுத்து, நன்றாகக் கழுவிக் கொடுத்தாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

"நான் ஏன்யா சொல்றேன்? இப்பத்தான் உங்களுக்குப் பல்லு வந்துடுச்சே, நீங்களே சொல்லுங்க."

சேர்மனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் வீட்டுக் குப்பை இரண்டு வாளிகளில் வந்தது.