ஒரு மலை, இரண்டு உலை

கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு பானைமூடி ஆடுகிற சத்தம் கேட்க வேண்டிய கதை இது.

நடுக்கடலில் கனல்திட்டு என்று ஒரு தீவு. தீவென்றால் என்ன, புகைகிற மலை ஒன்றுதான். சுள்ளி பொறுக்கக்கூட மரம் கிடையாது; தேவையும் இல்லை. தரையில் ஒரு துளை, அதிலிருந்து ஆவி சீறும். பானையை மேலே வைத்தால் சோறு வெந்துவிடும்.

அங்கே அண்ணன் தம்பி இருவர் குடும்பம். இருவருக்கும் ஒரே தோணி. தாய்க்காரி சாகும்போது, "ஒரே அடுப்பில் ஆக்கித் தின்னுங்க. அடுப்பைப் பிரிச்சவனுக்குத் தோணி இல்லை" என்று சத்தியம் வாங்கிவிட்டுக் கண்ணை மூடினாள்.

தம்பி பெண்டாட்டி நாச்சியா பிள்ளை பெற்றிருந்தாள். பச்சை உடம்புக்காரிக்குக் காலையில் கஞ்சி வேண்டும். அண்ணன் பெண்டாட்டி சடைச்சியோ குடும்பச் சோறு இறங்கின பிறகுதான் துளையை விடுவாள். பொழுது உச்சிக்கு வந்துவிடும். மலைக்கு அந்தப்பக்கம் ஓரிடத்தில் பனி தங்காததை நாச்சியா கவனித்தாள். கடப்பாரையால் குத்தினாள். ஆவி வந்தது. கஞ்சியை ஏற்றினாள்.

அன்றைக்கென்று பார்த்துச் சடைச்சியின் உலை கொதிக்கமாட்டேன் என்றது. அரிசியைத் திட்டினாள், பானையைத் திட்டினாள். நிமிர்ந்து பார்த்தால் மலைக்கு அப்பால் புதுப் புகை!

அண்ணன் கருத்தாண்டி தோணியை இழுத்துக் கட்டிக்கொண்டான். தோணி போனால் தம்பி மாயாண்டிக்குப் பிழைப்பே போச்சு. தீர்ப்புச் சொல்லத் தாய்மாமன் ஒச்சான் கடல் தாண்டி வந்தார்.

"ரெண்டு வாய் புகையுது, ரெண்டு அடுப்புதானே மாமா?" என்றான் கருத்தாண்டி.

"ஒரே தீயில் கொடியடுப்பில் ரெண்டு பானை ஏறுதே, அதை யாராவது ரெண்டு அடுப்புன்னா சொல்றாங்க?" என்றாள் நாச்சியா.

சடைச்சி சிரித்தாள். "கொடியடுப்புக்கு நடுவில் ஒரு சாண் மண்ணுடி. இங்கே மலையே குறுக்கே கிடக்கு!"

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நாச்சியா அடுப்பைப் பிரித்தாளா, இல்லையா? தோணி யாருக்கு?

சடைச்சியின் உலை அன்றைக்கு ஏன் சோம்பியது என்று யோசித்தவருக்கு விடை கிடைத்திருக்கும். "பெரியப்பா, அக்கா உலைகிட்டப் போய் நில்லுங்க" என்று, தனக்குப் பெரியப்பா முறையான ஒச்சானை அனுப்பிவிட்டு, நாச்சியா தன் பானையை இறக்கினாள். ஈரக் களிமண்ணை வாரித் தன் துளையில் அப்பி, கல்லை வைத்து அழுத்தினாள். அந்தப் பக்கம் சடைச்சியின் மூடி டகடகவென்று ஆடியது. இங்கே அடைபட்ட ஆவி அங்கே ஏற, உலை பொங்கி வழிந்தது. "அக்கா, பொங்குது, இறக்குங்க!" என்று மலைக்கு இப்பாலிருந்தே குரல் கொடுத்தவள், சேற்றுக் கையைக்கூடக் கழுவாமல் துடுப்பை எடுத்துப் புருஷன் தோளில் சாத்தினாள்.