வாசலில் கழன்ற செருப்பு

முன்னொரு காலம் என்றெல்லாம் இல்லை, போன மழைக்குத்தான் நடந்தது. ரெஜினாள் என்றொரு மீன்காரி. சர்க்கரைப் புண் முற்றி, வலதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பழகிப் பார்க்க ஒரு பொய்க்கால் வந்து சேர்ந்தது.

இடதுகாலுக்கு அதைக் கண்டாலே ஆகாது. நேற்று வந்ததெல்லாம் எனக்கு ஜோடியா என்று முறைக்கும். பொய்க்கால் பாவம், பொறுத்துக்கொண்டு கூடவே நடந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் நடைப் பரிசோதனை. முதல் நிலை என்று முடிவானால் வீட்டுக்குள் நடமாடும் கால்தான் கிடைக்கும். மூன்றாம் நிலை என்றால் மேடுபள்ளம், பஸ் படி எல்லாம் ஏறுகிற கால். மறுபடி தெருத்தெருவாய் மீன் விற்க ரெஜினாளுக்கு அதுதான் வேண்டும்.

வாசலுக்கு வந்ததும் இடதுகால் வழக்கம்போலச் செருப்பை உதறியது. பொய்க்காலுக்குப் பகீரென்றது. செருப்பின் குதி உயரத்தையும் கணக்கில் வைத்துத்தான் அதைப் பொருத்தியிருந்தார்கள்.

“வேணாங்க்கா. வெறுங்காலா போனா பின்னால சாஞ்சிருவேன்” என்று கெஞ்சியது.

“டாக்டரம்மா முன்னால செருப்போட போய் நிக்கிறதா? மரியாதை தெரியாத ஜென்மம்” என்றது இடதுகால். ரெஜினாளும் குனிந்து மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டாள்.

உள்ளே வழவழத் தரை. சாய்ந்து சாய்ந்து, கம்பியைப் பிடித்து நாலு எட்டு வைப்பதற்குள் அவளுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. டாக்டரம்மா நல்லவள்தான், ஆனால் கண்ணால் கண்டதைத்தானே சொல்வாள். முதல் நிலைதான், வீட்டோடு இருந்துகொள்ளுங்கள் என்றாள்.

ரெஜினாள் வெளியே வந்து செருப்பை மாட்டினாள். அழுகையை அடக்கிக்கொண்டு, சரளைக்கல் கொட்டிய முற்றத்தை விறுவிறுவென்று கடந்தாள். பொய்க்கால் ஒரு கல்லுக்குக்கூடத் தடுமாறவில்லை. பக்கத்தில் வந்த இடதுகாலுக்கு வெட்கமாய்ப் போயிற்று. அடப்பாவமே, அவள் பிழைப்பை நானே கெடுத்துவிட்டேனே என்று மருகியது.

ஜன்னல் வழியே பார்த்த டாக்டரம்மா ஓடிவந்து கூப்பிட்டாள். வெளியே இவ்வளவு நன்றாக நடக்கிறவர் உள்ளே ஏன் தடுமாறினீர்கள், இன்னொரு தடவை பார்த்துவிடலாம் வாங்க என்றாள்.

வாசல் வந்தது. பழக்கம் லேசில் விடுமா? இடதுகாலின் விரல்கள் தாமாகவே செருப்பை நெம்பின.

“மரியாதையைக் கை பாத்துக்கும்க்கா” என்றது பொய்க்கால் மெதுவாக. “நமக்கு நடக்கிற வேலை இருக்கு.”

இடதுகால் செருப்பை இறுகப் பிடித்துக்கொண்டது. ரெஜினாள் இரண்டு கையையும் கூப்பியபடி உள்ளே போனாள். அந்த வழவழத் தரையில் இரண்டு செருப்பும் ஒரே மாதிரி சத்தம் போட்டன.