பரவாயில்லை என்று விட்டவர்

சென்னியப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருடைய குருவுக்கு இருபத்தெட்டு. குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும். இவர் தோளில் லேப்டாப் பையோடு தூத்துக்குடியிலிருந்து வந்த பெண். பெயர் விண்ணரசி.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே சென்னியப்பன் துணி செக்கிங் பார்ப்பவர். அடியில் லைட் போட்ட கண்ணாடி மேசையில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு என்று எது கண்ணில் பட்டாலும் நிறுத்திச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை.

அதே வேலையைச் செய்யக் கேமரா வைத்த மெஷின் ஒன்று வந்தது. அதற்குப் பாடம் சொல்லித்தர வந்தவர்தான் விண்ணரசி. துணியின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். நல்லதா, குறையா என்று சென்னியப்பன் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை வைத்து மெஷின் கற்றுக்கொள்ளும்.

முதல் நாளே இடித்தது.

"இது பரவாயில்லைங்க."

"அப்படி ஒரு பட்டன் இல்ல அண்ணாச்சி. நல்லதா, குறையா?"

"அப்பக் குறைன்னே போட்டுக்குங்க," என்றார் சென்னியப்பன். சொன்னபடி கேட்கிற மனிதர்.

மூன்று மாதம் இப்படியே போனது. மெஷின் எப்படிக் கற்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். விண்ணரசியும் சலிக்காமல் விளக்கினார். தன் வேலைக்கு உலை வைக்க வந்ததைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பாடம் கேட்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உடன் வேலை செய்தவர்கள் அவரைச் 'சிஷ்யப்பிள்ளை' என்று கிண்டல் செய்தார்கள். அவர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டு, விண்ணரசியை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பிறகு பரீட்சை வந்தது. ஒரே ரோல் துணி. முதலில் சென்னியப்பன் பார்த்தார், அடுத்து மெஷின் பார்த்தது. அவர் பிடித்தது முப்பத்தெட்டுக் குறை. மெஷின் பிடித்தது அறுபத்தொன்று.

"அண்ணனுக்கு ரெஸ்ட் எடுக்கற காலம் வந்துருச்சு," என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே போனார். சென்னியப்பனின் மகளுக்கு நர்சிங்கில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது.

மத்தியானம் குருவின் முன்னால் போய் நின்றார்.

"டீச்சருங்க, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"இனி நான் எதுக்குங்க?"

விண்ணரசி அந்த ரோலை மறுபடி மேசையில் ஏற்றச் சொன்னார். மெஷின் மட்டும் பிடித்திருந்த இருபத்து மூன்று இடங்களிலும் துணியை நிறுத்தினார்.

"இது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க. ஓரத்துல இருக்குது, கட்டிங்ல கழிஞ்சு போயிரும். பரவாயில்லைன்னு விட்டுட்டேன்."

"இது?"

"கைப்பட்ட அழுக்குங்க. ஒரு தண்ணியில போயிரும்."

பதினான்கு இடங்களுக்கு இப்படிக் காரணம் சொன்னார். மற்ற ஒன்பது இடங்களில் துணியைத் தடவித் தடவித் தேடினார். கடைசி இடத்தில் துணியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"அந்த ஒம்பதும் எனக்குத் தெரியவே இல்லைங்க டீச்சர். ரெண்டு வருசமாக் கண்ணு மங்கலா இருக்குது. சொன்னா வேலை போயிருமேன்னு யாருகிட்டயும் சொல்லலைங்க. ஊட்லகூடத் தெரியாது."

சொன்னதும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவரால் முழுசாக மூச்சு விட முடிந்தது.

"நாளைக்கு லீவு போட்டுட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றார் விண்ணரசி. "அந்த ஒம்பது மாதிரி வாறதை இனி மெஷின் பாத்துக்கிடும். நீங்க கண்ணைக் கெடுத்துக்கிட வேண்டாம்."

"மத்த பதினாலுங்க?"

"அது என் தப்பு அண்ணாச்சி. நீங்க முதல் நாளே சொன்னீங்க. பட்டன் இல்லைன்னு மடக்கினது நான்தான்."

லேப்டாப்பைத் திறந்து மூன்றாவதாக ஒரு பட்டன் வைத்தார். அதில் 'பரவாயில்லை' என்று எழுதினார். குறையைக் காட்டுவது மெஷின், அதை விடலாமா கூடாதா என்று முடிவு செய்வது சென்னியப்பன் என்று மேனேஜருக்கு அப்போதே எழுதி அனுப்பினார். கால் மணி நேரத்தில் சரி என்று பதில் வந்தது. நல்ல துணி வீணாகாது என்றால் எந்த மேனேஜர் வேண்டாம் என்பார்?

சென்னியப்பன் அந்தப் பதிலை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியே போய்ச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் மூன்று மாதம் பாடம் கேட்ட ஆள் ஆயிற்றே.

"டீச்சருங்க, நான் அந்தப் பட்டனை அமுக்க அமுக்க அதையும் பார்த்து மெஷின் கத்துக்குமுங்களே?"

"கத்துக்கிடும்."

"அப்புறமுங்க?"

விண்ணரசி லேப்டாப்பை மூடினார்.

"அப்புறம் ஒரு நாள், துணி வாங்கினவரு ஒரு பனியனைத் தூக்கிட்டு வந்து, 'இதைப் பரவாயில்லைன்னு விட்டது யாரு?'ன்னு கேப்பாரு. நான்தான்னு எந்திரிச்சு நிக்க ஒரு ஆள் வேணும்லா, அண்ணாச்சி?"