முதல் போர் யார் தோட்டத்தில்?

போர்வெல் லாரிக்கு, குழியிலிருந்து கல்தூளை ஊதி வெளியே தள்ளும் கம்ப்ரசர் பார்த்துவரப் போன முதலாளி ரத்தினசபாபதி, ஏதோ குவாரியில் துருப்பிடித்துக் கிடந்த சின்னது ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் காற்றுக்கு ஐந்நூறு அடிக்குக் கீழே போனால் கல்தூள் மேலே வராது, குழி அடைத்துக்கொள்ளும்.

போர் போடச் சொல்லிப் பாவாயி என்ற விவசாயி வந்து நின்றாள்.

“ஆயிரம் அடி போகும்னு இந்தம்மாகிட்டச் சொல்லு,” என்றார் முதலாளி, லாரியில் துளை போடும் டிரில்லர் மாரப்பனிடம்.

“சொல்லிடறேனுங்க. உங்க தோட்டத்துலயும் ஆயிரம் அடி போடோணும்னீங்களே, மொதல்ல அங்கயே போட்டுக் காட்டிரலாமுங்க.”

“அதுக்கு வேற வண்டி சொல்லியாச்சு,” என்றார் முதலாளி, யோசிக்காமல்.

பாவாயி திரும்பிப் போனாள்.

சாயங்காலமே மாரப்பனுக்கு வேலை போனது. மறுநாள் லாரி அதே கம்ப்ரசரோடு அடுத்த ஊருக்குப் புறப்பட்டது. அங்கே இப்படிக் கேட்க ஆள் இல்லை.